தார்ப் பாலைநிலத்தின் வழித்தடங்கள்: வளரும் நகரங்களும் வனவிலங்குகளும்

வனவிலங்குகளின் வழித்தடம் என்றால் நம் நினைவுக்கு முதலில் வருவது, இரு மலைக்காடுகளை இணைக்கும் ஒடுங்கிய பசும்பட்டையும், அதன் வழியே வரிசையாகச் செல்லும் யானைக் கூட்டமுமே ஆகும். நம் நாட்டில் வழித்தடப் பாதுகாப்பைப் பற்றிய சிந்தனை பெரும்பாலும் யானையையும் புலியையும் ஒட்டியே வளர்ந்துள்ளது. மைய அரசு 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, 15 மாநிலங்களில் 150 யானை வழித்தடங்களைப் பட்டியலிட்டது. புலிக் காப்பகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் நிலங்களுக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தனியே இடம் உண்டு.

பாலைநிலத்தின் நிலை வேறு. அங்கே காடு இல்லை. கண்ணுக்குத் தெரியும் பசும்பட்டையும் இல்லை. மணல்மேடுகளுக்கு இடையே கிடக்கும் புல்வெளி, சரளைக்கல் தரை, புதர் மண்டிய மேய்ச்சல் நிலம் ஆகியவையே அங்குள்ள விலங்குகளின் பாதைகள். வருவாய்த் துறையின் பதிவேடுகளில் இந்நிலங்களிற் பெரும்பகுதி 'தரிசு' என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. தரிசு என்று எழுதப்பட்ட நிலம் எவருக்கும் பயன்படாதது என்று கருதப்படுகிறது. எனவே நகரம் விரியும்போதும், சாலை அமையும்போதும், மின்நிலையம் எழும்போதும் முதலில் எடுக்கப்படுவது அந்த நிலமே. மேற்கு ராஜஸ்தானின் தார்ப் பாலைநிலத்தில் இன்று தோன்றியுள்ள சிக்கலின் வேர் இதுதான்.

வெட்டவெளியின் இயல்பு

இந்தியாவின் வெப்ப வறள்நிலப் பரப்பு ஏறத்தாழ 3.2 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் மேற்கு ராஜஸ்தானில் அமைந்துள்ளது. ஜெய்சல்மேரின் மேற்கு எல்லையில் ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டர் மட்டுமே; கிழக்கே ஆரவல்லி மலைத்தொடரை நோக்கிச் செல்லச் செல்ல அது 400 மில்லிமீட்டரைக் கடக்கிறது. மழையின் அளவைக் காட்டிலும் அதன் நிச்சயமின்மையே இங்கு முக்கியமானது. ஒரு கிராமத்தில் நல்ல மழை கொட்டும். பத்துக் கல் தொலைவிலுள்ள அடுத்த கிராமத்தில் ஒரு துளியும் விழாது. ஓர் ஆண்டு செழிப்பாக இருந்த புல்வெளி அடுத்த ஆண்டு வெறும் மணலாகக் கிடக்கும்.

இத்தகைய நிலத்தில் ஓரிடத்தில் நிலைத்து வாழ்வது இயலாத காரியம். மழை பெய்த இடத்தில் புல் முளைக்கிறது. புல் முளைத்த இடத்திற்கு விலங்கு செல்கிறது. சிங்காரா எனப்படும் சிறுமான், செடிகொடிகளில் உள்ள ஈரத்தைக் கொண்டே நெடுநாள் நீர் அருந்தாமல் வாழும் திறன் படைத்தது. ஆயினும் அந்த ஈரமுள்ள தழையைத் தேடி அது நடந்தே ஆகவேண்டும். வெளிமான், பாலைவன நரி, பாலைவனப் பூனை ஆகியவற்றின் நிலையும் இதுவே. வறட்சிக் காலத்தில் நடமாட்டம் தடைபட்டால் பசியால் மடிவது ஒரு புறம். சிறு சிறு கூட்டங்களாகச் சிதறி, வேற்றுக் கூட்டத்தோடு கலக்க வழியின்றிப் போவதால் தலைமுறை தலைமுறையாக வலிமை குன்றுவது மற்றொரு புறம்.

ஆகவே பாலைநிலத்தில் வழித்தடம் என்பதை இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடாகக் கருத முடியாது. அது அகன்று பரந்த ஒரு வலை போன்றது. எந்த ஆண்டு எந்தக் கண்ணி பயன்படும் என்பதை மழையே முடிவு செய்கிறது. அதனால் பல கண்ணிகள் திறந்திருத்தல் அவசியமாகிறது.

ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1980-ஆம் ஆண்டில் பாலைவனத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பெயரில் தேசியப் பூங்கா என்றிருப்பினும் சட்டப்படி அது ஒரு சரணாலயம். அதனுள் எழுபதுக்கு மேற்பட்ட கிராமங்கள் உள்ளன. சுரு மாவட்டத்திலுள்ள தால் சாப்பர் சரணாலயமோ ஏழு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் சிறு புல்வெளி. அதில் வெளிமான்கள் ஆயிரக்கணக்கில் நெருங்கி வாழ்கின்றன. பெரிதாயினும் சிறிதாயினும், சரணாலயத்தின் எல்லைக்கல்லோடு மழை நின்றுவிடுவதில்லை. வெளியே உள்ள நிலமும் திறந்திருந்தாலன்றி உள்ளே உள்ள உயிர்களைக் காக்க முடியாது.

ஓரண்களும் கோசர்களும்

வெளியே உள்ள அந்த நிலத்தை இதுகாறும் காத்து வந்தவர்கள் கிராம மக்கள். தார்ப் பகுதியில் ஊர்தோறும் தெய்வத்தின் பெயராலோ, ஊருக்காக உயிர்நீத்த வீரரின் பெயராலோ ஒரு நிலப்பரப்பு விடப்பட்டிருக்கும். அதற்கு ஓரண் என்று பெயர். அங்கே மரத்தின்மீது கோடரி வைக்கக் கூடாது. உழவு செய்யக் கூடாது. கால்நடைகள் மேயலாம். அதனையடுத்துக் கோசர் என்னும் பொது மேய்ச்சல் நிலமும், குளத்திற்கு நீர் வந்து சேரும் ஆகோர் என்னும் நீர்ப்பிடிப்பு நிலமும் இருக்கும். மழைநீர் தேங்கும் குளங்களை நாடி என்பர். ஒட்டகமும் ஆடும் நீர் அருந்தும் அதே குளத்தில் மானும் நரியும் இரவில் நீர் அருந்துகின்றன.

ராஜஸ்தானில் சுமார் 25,000 ஓரண்கள், ஏறத்தாழ 6 லட்சம் ஹெக்டேர் பரப்பில் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இவை ஊருக்கு ஊர் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், சேர்த்துப் பார்க்கும்போது விலங்குகளுக்கு இயற்கையான படிக்கற்களாக விளங்குகின்றன. ரைக்கா, ரேபாரி முதலிய இடையர் சமூகத்தார் தம் மந்தைகளை ஓட்டிச் செல்லும் வழிகளும் இவற்றினூடேயே செல்கின்றன. மந்தையின் பாதையும் மானின் பாதையும் இங்கே ஒன்றுதான்.

ஜாம்போஜி 1485-ஆம் ஆண்டில் பிகானேர்ப் பகுதியில் தோற்றுவித்த பிஷ்ணோய் நெறி, உயிர்களிடத்து இரக்கத்தையும் பச்சை மரத்தை வெட்டாமையையும் தன் 29 விதிகளுள் சேர்த்தது. ஜோத்பூருக்கு அருகிலுள்ள கேஜர்லி கிராமத்தில் 1730-ஆம் ஆண்டில், கேஜ்ரி மரங்களைக் காக்க அம்ருதா தேவி முதலாக 363 பேர் உயிர் துறந்த நிகழ்ச்சி நாடறிந்தது. அந்தக் கேஜ்ரி மரம், தமிழகத்துக் கோயில்களில் தல மரமாகப் போற்றப்படும் வன்னி மரமேயாகும். இன்றும் பிஷ்ணோய் ஊர்களின் வயல்களில் மான்கள் அச்சமின்றி மேய்வதைக் காணலாம்.

எனினும் மரபு மட்டுமே போதிய காவலாகாது. பல ஓரண்கள் நில அளவையின்போது ஓரண் என்று பதிவு பெறாமல், அரசுத் தரிசாக எழுதப்பட்டுவிட்டன. ஊர் மக்களின் நினைவில் தெய்வ நிலமாக உள்ளது, ஆவணத்தில் ஒதுக்கீட்டுக்கு உரிய காலி நிலமாக இருக்கிறது. ஓரண்களை முறையாகப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று கோரி ஜெய்சல்மேர் மாவட்டத்து மக்கள் அண்மை ஆண்டுகளில் நடைப்பயணங்கள் மேற்கொண்டதற்குக் காரணம் இதுவே.

நகரின் நிழல் விழும் தொலைவு

ஜோத்பூர் நகரின் மக்கள்தொகை 1971-இல் சுமார் 3.18 லட்சமாக இருந்தது; 2011-இல் அது 10 லட்சத்தைத் தாண்டியது. பிகானேர் இதே காலத்தில் சுமார் 2 லட்சத்திலிருந்து 6.4 லட்சமாக வளர்ந்தது. ஜெய்சல்மேர் சிறு நகரமேயாயினும், சுற்றுலாவும் எரிசக்தித் திட்டங்களும் அதன் சுற்றுப்புறத்தை வேகமாக மாற்றி வருகின்றன. வேலைவாய்ப்பும் கல்வியும் மருத்துவ வசதியும் நகரங்களோடு வருகின்றன. பாலைநில மக்களுக்கு இவை தேவை. நகர வளர்ச்சியை நிறுத்துவது இயலாது, விரும்பத்தக்கதும் அன்று. ஆனால் நகரின் தாக்கம் அதன் எல்லையோடு முடிவதில்லை என்பதைத் திட்டமிடுவோர் உணர்தல் வேண்டும்.

முதலாவது, வேலி. நகரைச் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறியதும் மனைகளும் பண்ணைகளும் வேலியிடப்படுகின்றன. ஆழ்குழாய்க் கிணறும் கால்வாய் நீரும் வந்த இடங்களில் வயல்கள் பெருகுகின்றன. நீலகாய் மானும் உரிமையாளரற்ற மாடுகளும் பயிரை அழிப்பதால், உழவர் கம்பிவேலி போடுவதில் நியாயம் உண்டு. இதற்காகத் தார்பந்தித் திட்டத்தின் கீழ் மாநில அரசு மானியமும் வழங்குகிறது. ஆனால் முள்கம்பியில் சிக்கும் மான் தோல் கிழிந்து மடிகிறது. வேலி தாண்ட இயலாத குட்டி தாயிடமிருந்து பிரிகிறது.

இரண்டாவது, நாய். நகரக் குப்பை மேடுகளும், இறந்த கால்நடைகளைக் கொண்டுவந்து போடும் இடங்களும் நாய்க் கூட்டங்களைப் பெருக்குகின்றன. அவை இரவில் வெளியே சென்று மான்களைத் துரத்துகின்றன. வேலி இல்லாத வெட்டவெளியில் ஓடித் தப்பக்கூடிய மான், வேலிகளுக்கு இடையே அகப்பட்டுக்கொள்கிறது. வேலியும் நாயும் தனித்தனியே செய்யும் தீங்கைவிடச் சேர்ந்து செய்யும் தீங்கு பெரிது. பிகானேர் நகரை ஒட்டியுள்ள ஜோட்பீட் பகுதியில் கால்நடைச் சடலங்களை உண்ண, குளிர்காலத்தில் வெளிநாடுகளிலிருந்து கழுகுகளும் பாறுகளும் பெருந்திரளாக வருகின்றன. சுமார் 56 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த இடம் 2008-ஆம் ஆண்டில் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. அங்கும் நாய்க் கூட்டமே பெருந்தொல்லையாக உள்ளது. நகராட்சியின் குப்பை மேலாண்மை வனவிலங்குப் பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது, நீண்ட கட்டுமானங்கள். பஞ்சாபின் ஹரிக்கே அணைக்கட்டில் தொடங்கும் இந்திரா காந்தி கால்வாய், ஊட்டுக் கால்வாயையும் சேர்த்து 649 கிலோமீட்டர் நீளமுடையது. 1958-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ராஜஸ்தான் கால்வாய் என்ற பெயரில் வளர்ந்து, பின்னர் பெயர் மாற்றம் பெற்ற இத்திட்டம், பாலைநிலத்தின் பெரும் பகுதிக்குக் குடிநீரும் பாசனமும் அளித்தது. அதன் பயனை மறுப்பார் இல்லை. ஆனால் பூச்சுப் பூசிய சரிவான கரைகளில் வழுக்கி விழும் மான் மீண்டும் மேலேறுவது அரிது. இன்று கால்வாயோடு புதிய விரைவுச் சாலைகளும் சேர்ந்துள்ளன. அமிர்தசரஸ்–ஜாம்நகர் விரைவுச் சாலையின் ராஜஸ்தான் பகுதி, 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில், ஹனுமான்கட் முதல் ஜாலோர் வரை பாலைநிலத்தை ஊடுருவிச் செல்கிறது. 2023 ஜூலையில் அது திறக்கப்பட்டது. நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட சாலை என்பதால் இருபுறமும் தடுப்பு உண்டு. வாகனத்தில் செல்வோருக்கு அது பாதுகாப்பு. குறுக்கே செல்ல வேண்டிய விலங்குக்கோ அது மதிற்சுவர்.

வானிலும் வழித்தடம்

பாலைநிலத்தில் வழித்தடம் தரையோடு முடிவதில்லை. தமிழில் கானமயில் என்றும், ராஜஸ்தானில் கோடாவண் என்றும் வழங்கும் பெரும்பறவை இதற்குச் சான்று. உலகில் பறக்கும் பறவைகளுள் மிகுந்த எடையுடையவற்றுள் ஒன்றான இது, ராஜஸ்தானின் மாநிலப் பறவை. ஒருகாலத்தில் தமிழகம் உட்பட நாட்டின் பல மாநிலங்களில் புல்வெளிகளில் திரிந்த இப்பறவைகள் இன்று சுமார் 150 மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றிற் பெரும்பான்மை ஜெய்சல்மேர் மாவட்டத்தில் உள்ளன. அழியும் நிலையின் கடைசிப் படியில் உள்ள இனங்களின் பட்டியலில் 2011-ஆம் ஆண்டில் இது சேர்க்கப்பட்டது.

கானமயில் தரையில் கூடு கட்டுகிறது. பொதுவாக ஒரு பருவத்தில் ஒரு முட்டையே இடுகிறது. பாலைவனத் தேசியப் பூங்காவுக்கும் கிழக்கே போக்ரான், ராம்தேவ்ரா பக்கங்களுக்கும் இடையே பறந்து செல்கிறது. அதன் கண்கள் தலையின் இருபுறத்திலும் அமைந்திருப்பதால் நேர்முன்னே காணும் பரப்பு குறுகியது. பருத்த உடலானதால் சட்டெனத் திரும்பவும் இயலாது. எதிரே மின்கம்பி தோன்றும்போது விலக நேரம் இருப்பதில்லை. தார்ப் பகுதியில் சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆய்வு செய்த இந்திய வனவிலங்கு நிறுவனம், பல இனங்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 84,000 பறவைகள் மின்கம்பிகளால் மடிவதாக மதிப்பிட்டது.

இங்கேதான் கொள்கைச் சிக்கல் கடுமையாகிறது. அந்தக் கம்பிகளிற் பல, சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் பெறும் மின்சாரத்தைச் சுமந்து செல்பவை. பலோதிக்கு அருகிலுள்ள பட்லா சூரிய மின்பூங்கா ஒன்றே 2,245 மெகாவாட் திறனுடையது. சுமார் 5,700 ஹெக்டேர் நிலத்தில் பரந்துள்ளது. நிலக்கரியைக் குறைத்துப் புவி வெப்பத்தைக் கட்டுப்படுத்த இத்தகைய நிலையங்கள் நாட்டுக்கு இன்றியமையாதவை. ஒரு நன்மைக்கும் மற்றொரு நன்மைக்கும் இடையே எழுந்த முரண்பாடு இது.

உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில், கானமயிலின் வாழிடங்களில் மின்கம்பிகளைத் தரைக்கடியில் பதிக்கவும், இயலாத இடங்களில் பறவைகளுக்குப் புலப்படும் திருப்பிகளைப் பொருத்தவும் ஆணையிட்டது. சுமார் 99,000 சதுர கிலோமீட்டருக்கும் பொருந்திய அந்த ஆணையை 2024 மார்ச்சில் நீதிமன்றமே மாற்றி, வல்லுநர் குழுவொன்றை அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமையையும் அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. குழுவின் பரிந்துரைகளை ஏற்று 2025 டிசம்பரில் வழங்கப்பட்ட தீர்ப்பின்படி, முன்னுரிமைப் பரப்பு ராஜஸ்தானில் 14,013 சதுர கிலோமீட்டராகவும் குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டராகவும் வரையறுக்கப்பட்டது. மின்கம்பிகள் நினைத்த இடமெல்லாம் செல்லாமல், குறிக்கப்பட்ட தடங்களில் ஒன்றுசேர்ந்து செல்லவேண்டும் என்ற கருத்தும் அதில் இடம்பெற்றது. விலங்குக்கு வழித்தடம் வகுப்பது போலவே மின்சாரத்துக்கும் வழித்தடம் வகுக்கலாம் என்பது கவனிக்கத்தக்க படிப்பினை.

இதனிடையே ஜெய்சல்மேர் மாவட்டத்தில் 2019 முதல் முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் முயற்சி வெற்றி பெற்று, பாதுகாப்பில் வளரும் பறவைகள் ஐம்பதைத் தாண்டியுள்ளன. இப்பறவைகளை ஒருநாள் வெளியே விட்டாக வேண்டும். அந்நாளில் அவை பறக்க வானமும் இறங்கத் தரையும் எஞ்சியிருக்குமா என்பதே கேள்வி.

சட்டம் தரும் கருவிகள்

நம் சட்டத்தில் வழியில்லை என்று கூற இயலாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இல், 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இரண்டு புதிய வகைகள் சேர்க்கப்பட்டன. சரணாலயங்களை ஒட்டியும் அவற்றை ஒன்றோடொன்று இணைத்தும் உள்ள அரசு நிலத்தைப் 'பாதுகாப்பு ஒதுக்கிடம்' என அறிவிக்கலாம். மக்களுக்கோ சமுதாயத்துக்கோ உரிய நிலத்தை, அவர்கள் முன்வருமிடத்துச் 'சமுதாய ஒதுக்கிடம்' என அறிவிக்கலாம். இவ்விரு வகைகளிலும் மக்களின் உரிமைகள் பறிபோவதில்லை. நிர்வாகத்தில் ஊராட்சிக்கும் இடமுண்டு.

உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில், ராஜஸ்தானின் ஓரண்கள் ஒவ்வொன்றையும் நிலத்திலும் செயற்கைக்கோள் படத்திலும் அளந்து வரைபடமாக்கி, பரப்பு எவ்வளவாயினும் அவற்றைக் காடாக வகைப்படுத்துமாறு பணித்தது. சமுதாய ஒதுக்கிட முறையையும் பரிந்துரைத்தது. இத்தீர்ப்பு ஓரண்களுக்குப் பெரும் அரண். ஆயினும், காடு என்று அறிவிக்கப்பட்டால் மேய்ச்சலும் வழிபாடும் தடைபடுமோ என்ற அச்சம் ஊர்களில் நிலவுகிறது. இந்த அச்சத்தைப் போக்காமல் அறிவிக்கை மட்டும் வெளியிடுவது, தலைமுறைகளாகக் காத்தவரையே அயலாராக்கிவிடும். மேய்ச்சல் உரிமை தொடரும் என்பதை எழுத்தில் உறுதிப்படுத்துவதே முறை.

பிற இடங்களின் அனுபவம்

வளரும் நகரத்துக்கு அருகே பாலைநில வழித்தடத்தைக் காக்க இயலும் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் ஒரு சான்று. சொனோரன் பாலைவனத்தில் அமைந்த டூசான் நகர் வடக்கு நோக்கி விரிந்தபோது, இரு மலைத்தொடர்களுக்கு இடையே விலங்குகள் சென்ற வழியை 77-ஆம் எண் மாநிலச் சாலை துண்டித்தது. அப்பகுதி மக்கள் 2006-ஆம் ஆண்டில் போக்குவரத்து மேம்பாட்டுக்கென ஒரு விற்பனை வரியை வாக்களித்து ஏற்றபோது, அத்திட்டத்திலேயே விலங்குகள் கடக்கும் அமைப்புகளுக்கும் நிதி ஒதுக்கப்பட்டது. அதைக் கொண்டு ஓரோ வேலி என்னும் ஊருக்கருகே 2016-இல் மண் பரப்பிச் செடிகள் வளர்த்த மேம்பாலமும் ஒரு சுரங்க வழியும் கட்டப்பட்டன. மான் முதலிய விலங்குகள் ஆயிரக்கணக்கான முறை அவற்றைக் கடந்துள்ளன. சாலைக்கான நிதியோடு வழித்தடத்துக்கான நிதியும் சேர்ந்தே வந்தது இதன் சிறப்பு.

நம் நாட்டிலும் இத்தகைய அனுபவம் உண்டு. பெஞ்ச் புலிக் காப்பகத்தினூடே செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் ஒன்பது கடப்பு அமைப்புகள் கட்டப்பட்டன. புலி உட்படப் பல விலங்குகள் அவற்றின் அடியே செல்வதைத் தானியங்கிக் கேமராக்கள் பதிவு செய்தன. அது காட்டுப் பகுதி. வெட்டவெளியில் பழகிய மான் இருண்ட சுரங்கத்தில் நுழையத் தயங்கும். ஆகவே பாலைநிலத்தில் அகன்ற, வெளிச்சம் புகும் திறப்புகள் தேவை. ஓரிடத்து அமைப்பை மற்றோர் இடத்தில் அப்படியே நகல் எடுப்பது பயன் தராது.

செய்ய வேண்டியவை

முதற்பணி, பாதைகளை அறிந்து பதிவு செய்தல். கழுத்துப்பட்டைக் கருவிகளும் செயற்கைக்கோள் படங்களும் ஒருபுறம் உதவும். மறுபுறம், எந்த வறட்சியில் மான்கள் எந்த நாடிக்கு வந்தன என்பதைக் கூறவல்ல இடையர்களின் அறிவும் வரைபடத்தில் ஏறவேண்டும். ஜோத்பூரில் 1959 முதல் இயங்கிவரும் மத்திய வறள்நில ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அமைப்புகளின் நிலத் தரவுகளையும் இதனோடு இணைக்கலாம்.

இரண்டாவது, அந்த வரைபடம் நகரின் பெருந்திட்டத்திலும் வருவாய்ப் பதிவேட்டிலும் இடம்பெறுதல். வனத்துறையின் அலமாரியில் மட்டும் உறங்கும் வரைபடத்தால் பயனில்லை. நிலம் ஒதுக்கும் அதிகாரியின் மேசையில் அது இருக்க வேண்டும். ஓரண், கோசர், ஆகோர் ஆகியவை தரிசு என்ற தலைப்பிலிருந்து நீங்க வேண்டும்.

மூன்றாவது, கட்டுமானத்தின் வடிவை மாற்றுதல். சூரிய மின்பூங்காக்களை ஒரே அடைப்பாக வேலியிடாமல், இடையிடையே அகன்ற திறப்புகளை விடலாம். வயல்வேலிகளின் அடிக்கம்பியைச் சற்று உயர்த்தி, மேலும் கீழும் முள்ளில்லாக் கம்பி இட்டால், மாடு நிற்கும். மான் நுழைந்து செல்லும். மானியம் வழங்கும்போதே இந்த வடிவை நிபந்தனையாக்கலாம். கால்வாய்க் கரைகளில் ஆங்காங்கே சொரசொரப்பான சாய்தளங்கள் அமைத்தால் விழுந்த விலங்கு ஏறிவிடும். இவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. ஆனால் கட்டும்போதே செய்யவேண்டியவை. கட்டி முடித்த பின் செய்ய முனைந்தால் செலவு பன்மடங்காகும்.

நான்காவது, நகராட்சிகளின் பொறுப்பு. குப்பையையும் இறைச்சிக் கழிவையும் முறையாக அகற்றுதலும், 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி நாய்களுக்குக் கருத்தடை செய்தலும் மக்களின் நலத்துக்கும் தேவையானவை.

ஐந்தாவது, உழவருக்கு ஈடு. வழித்தடத்தில் வேலியிடாதிருக்கும் உழவர் பயிரிழப்பைத் தனியே சுமக்கக் கூடாது. இழப்பீடு காலம் தாழ்த்தாது கிடைத்தால், பிஷ்ணோய் வயல்களில் இன்றும் காணும் பொறுமை மற்ற ஊர்களிலும் தழைக்கும்.

பாலைநிலத்தில் வெட்டப்பட்ட மரம் மீண்டும் வளரப் பல்லாண்டு ஆகும். துண்டிக்கப்பட்ட பாதையோ எளிதில் மீள்வதில்லை. ஒரு முறை மனையாகவும் ஆலையாகவும் விற்ற நிலத்தைத் திரும்பப் பெற்று மானுக்கு விடுவது எந்த அரசாலும் ஆகக்கூடியதன்று. ஜோத்பூரும் பிகானேரும் ஜெய்சல்மேரும் இன்னும் வளரும்; மின்பூங்காக்களும் பெருகும். அவற்றுக்கான நிலம் அடுத்த சில ஆண்டுகளில் அளந்து ஒதுக்கப்படும். ஓரணையும் கோசரையும் அந்த அளவைக்கு முன் பதிவேட்டில் ஏற்றினால், நகரமும் மந்தையும் கானமயிலும் ஒரே நிலத்தில் வாழ இடமிருக்கும். அளவை முடிந்த பின் ஏற்ற முனைந்தால், ஏற்றுவதற்கு நிலம் இராது.